சரம் பின்னும் நிழல்கள்

தாதம்பொட்டல் பட்டாசு ஆலையில் வெடித்துச் செத்த பெண்கள், கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில் வேலைக்குத் திரும்பினார்கள். உடம்பு வரவில்லை, நிழல்தான் வந்தது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் பறந்துபோய் மேற்குச் சுவர் மட்டும் கரிபிடித்து நின்ற அந்த அறையில், கூரை இருந்த காலத்தில் ஒரு நாளும் வெயில் பட்டிராத அந்தச் சுவரில், சூரியன் கருவேலங்காட்டுக்கு மேலே ஏறியதும் நிழல்கள் வரிசையாக விழுந்தன. சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, சரவெடி பின்னிக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏறச் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, உச்சிப்பொழுதில் இல்லாமல் போயின. மறுநாள் காலையில் மறுபடி வந்தன.

முதல் வாரம் ஊர் பயந்தது, அடுத்த வாரம் அழுதது, பிறகு பழகிக்கொண்டது. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார், சபை ஊழியர் வந்து முழங்காலிட்டு ஜெபித்தார், நிழல்கள் ஒரு தரம்கூடத் தலையைத் தூக்கவில்லை. சரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகியவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க ஏது நேரம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. நாகம்மாளின் புருஷன் மூக்கையா, பால்குடி மறக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்து, அவளுடைய நிழல் பிள்ளையின் முகத்தில் விழும்படி பார்த்து உட்கார்ந்துகொள்வான். பிள்ளை அந்த நிழலில் கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போகும். மாடு கன்று போட்டதைச் சொல்ல ஒருத்தி வந்தாள், மகள் சடங்கானதைச் சொல்ல ஒருத்தி வந்தாள், உயிரோடிருந்தபோது முடிக்காத சண்டையை முடிக்க நாத்தனார் ஒருத்தி வந்து பேசித் தீர்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். ஆலையின் மற்ற அறைகளில் வேலை தொடங்கியபோது, வேனில் வருகிற பெண்கள் அந்தச் சுவரைக் கடக்கையில் பேச்சை நிறுத்தினார்கள். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

ஊருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் மிச்சமிருந்தது. அந்த அறையில் நாலு பேர்தான் உட்காரலாம் என்பது விதி, மீறினால் ஆலைக்கு லைசென்ஸ் போகும். செத்தது நாலு பேர் என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. சுவரில் விழுந்தது ஐந்து நிழல். தெற்குக் கோடியில் உட்கார்ந்திருந்த ஐந்தாவது நிழல் மட்டும் இடது கையால் பின்னியது.

அந்தக் கையை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பவுன்தாயின் மகள் இந்துராணி, ஐப்பசியில்தான் ஆலையில் புதிதாகச் சேர்ந்தவள், பீச்சாங்கைக்காரி. அவள் வெடிப்பில் சாகவில்லை, அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று போர்மேன் தர்மராஜ் அப்போதே சொல்லியிருந்தார். லோடு வண்டி ஓட்டுகிற சரவணக்குமாரோடு சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்த வண்டிக்காரனும் அன்று முதல் ஊரில் இல்லை. அறையில் கிடைத்ததையெல்லாம் துணியில் பொதிந்து நாலு வீடுகளுக்குக் கொடுத்தார்கள், நாலு வீட்டிலும் கொள்ளி வைத்தார்கள், ஐந்தாவது வீட்டில் பவுன்தாய் கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தண்ணீரை மொண்டு ஊற்றி, எனக்கு மகளே பிறக்கவில்லை என்று சொல்லித் தலைமுழுகினாள்.

நிழல் வந்தபின் ஊர்ப்பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "மதினி, ஒங்க மக ஓடல. வந்து பாருங்க" என்றார்கள். பவுன்தாய் போகவில்லை. அவள் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள்; காட்டுக்குப் போக ஆலையைத் தாண்டித்தான் பாதை, அதை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போகத் தொடங்கினாள். எது மானக்கேடு என்று தலைமுழுகினாளோ, அதையே இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போனவள் என்றைக்காவது ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். செத்தவள் வரமாட்டாள்.

அறிவுக்கொடி டீச்சரை வரச்சொன்னது பவுன்தாய்தான்.

அறிவுக்கொடி மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பேய் நடமாட்டம் என்று தகவல் வருகிற இடங்களுக்குப் போய்ப் பார்ப்பது அவளுக்கு இளவயதிலிருந்தே பழக்கம். ஓட்டின் மேல் கல் விழுகிற வீட்டுக்குப் போனால், மாமியாரிடம் வாய் திறக்க முடியாத மருமகள் ஒருத்தி கல்லெறிந்துகொண்டிருப்பாள். விடுதியில் இராத்திரி அழுகுரல் கேட்கிறது என்றால், தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும். கண்டுபிடித்ததை அவள் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை, சொல்ல வேண்டியவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். இரண்டொரு இடங்களில் எவ்வளவு தேடியும் எதுவும் பிடிபடாதபோது 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாள். அவள் சேர்ந்திருந்த அறிவியல் மன்றத்துக்கு அந்தச் சொல் பிடிக்காது. வானொலியில் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, கரி வியாபாரியின் ஃபோனிலிருந்து பவுன்தாய் கூப்பிட்டாள்.

"டீச்சர், பேயே இல்லன்னு சொல்றவுக நீங்கதான?"

"அப்படிச் சொல்றதில்லம்மா. இருக்குன்னு சொல்ற எடத்துக்குப் போய்ப் பாக்குறவ."

"பாத்துட்டு?"

"பாத்ததைச் சொல்வேன்."

"எங்க ஊருல சுவத்துல நெழல் விழுது. அது எம்மகன்னு சொல்றாக. நீங்க வந்து அது பொய்யின்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாக."

அறிவுக்கொடி வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். பேயை விரட்டச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு, காட்டச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. இல்லை என்று சொல்லிக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவளை அதுவரை கூப்பிட்டதில்லை.

பங்குனி வெயிலில் வந்து இறங்கியவள், மறுநாள் காலை சுவருக்கு முன்னால் நின்றாள். வெடிப்பின் வெக்கையில் சுவரில் பதிந்த கரியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். கரி அசையாது, இவை பின்னிக்கொண்டிருந்தன. கிழக்கே காட்டுக்குள் போய் யாராவது எதையாவது கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று மரம் மரமாகத் தேடினாள், ஆட்டுப்புழுக்கைதான் கிடந்தது. மூக்கையாவிடம் வெள்ளை வேட்டி ஒன்றை வாங்கிச் சுவருக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். நிழல்கள் வேட்டியில் விழுந்தன. வேட்டியைக் கிழக்கே நகர்த்தி, பெண்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியதும் வேட்டி வெறும் வெள்ளையாகிவிட்டது. அப்படியானால் நடுவில் அந்த இடத்தில், கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று வெயிலை மறித்துக்கொண்டிருக்கிறது. அவள் அங்கே கையை நீட்டினாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டாள். மற்ற இடம் சுட்டது, அங்கே மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்குத் தரை குளிர்ந்திருந்தது.

அந்த நிழல்களுக்குப் பக்கத்தில் அவளுடைய நிழலும் விழுந்தது. ஆறு நிழல்களில் அவளுடையதுதான் வேலை செய்யாமல் நின்றது.

பவுன்தாய் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பார்த்ததைச் சொன்னாள். நிழல் விழுவது நிஜம், எப்படி விழுகிறது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். பவுன்தாயின் முகம் இருண்டது.

"ஆனா அது ஒங்க மகதானான்னு இன்னும் சொல்ல முடியாது" என்றாள் அறிவுக்கொடி. "ஊர் கையை வச்சுத்தான சொல்லுது? ஒருத்தி சுவத்தைப் பாத்து உக்காந்தா அவ சோத்தாங்கை சோத்தாங்கையாவே தெரியும். சுவத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்தா, சோத்தாங்கைக்காரி பீச்சாங்கைக்காரி மாதிரித் தெரிவா. நெழலுக்கு மொகம் கெடையாதுல்ல, எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியாது."

"அப்ப அது வேற யாராச்சுமா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"திரும்பி உக்காந்தவளா இருக்கலாம்."

"இருக்கலாம்மா. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

பவுன்தாய் எழுந்து கரி படிந்த கைகளைச் சேலையில் துடைத்தாள். "நானும் வாரேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் போர்மேன் தர்மராஜ் அறிவுக்கொடி தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பேய், பிசாசு எல்லாம் மூடநம்பிக்கை என்று தானும் சின்ன வயதிலிருந்தே சொல்லி வருவதாகச் சொன்னார்.

"வெடிச்ச எடத்துல கரி புடிக்கும் மேடம். வெயில்ல அது ஆடுற மாதிரித் தெரியும். படிச்ச நீங்க சொல்லிட்டா ஊரு அடங்கிரும்."

"கரி இல்ல சார், நான் பாத்தேன்."

அவர் பழப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, அதை விடுங்க. அந்தப் பவுன்தாயை நெனச்சுப் பாருங்க. மக எங்கயோ உசுரோட இருக்கான்னு நெனப்புலதான் அந்தம்மா கஞ்சி குடிக்குது. அதைப் புடுங்கி நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

அவர் போனபின் அறிவுக்கொடி பழப்பையைத் திறக்கவில்லை. அந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை என்பதும் தெரிந்தது. அவரும் பவுன்தாயும் அவளிடம் கேட்டது 'இல்லை' என்ற ஒரே சொல்லைத்தான்.

காலையில் பவுன்தாய் முதல் தடவையாகச் சுவரடிக்கு வந்தாள். ஊர் ஒதுங்கி வழிவிட்டது. வேட்டியின் ஒரு முனையை மூக்கையாவும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டார்கள். சுவரை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால், கிழக்கே வரவேண்டும் என்றாள் அறிவுக்கொடி. வேட்டி அந்தப் பெண்கள் இருக்கும் இடத்துக்குள் புகும்போது, வேட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டது வேட்டியில் விழாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளுக்கு நீட்டியிருக்கும் கை முதலில் மறையும், முதுகு கடைசியில் மறையும். திரும்பி உட்கார்ந்தவளுக்கு முதுகு முதலில் போய், கை கடைசிவரை நிற்கும்.

வேட்டி பின்னால் வந்தது. நாகம்மாளின் கைகள் மறைந்தபோது மூக்கையா கண்ணை மூடிக்கொண்டான். "அவளுக்கு வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டான்.

"தெரியலப்பா" என்றாள் அறிவுக்கொடி.

பவுன்தாயின் பக்கம் ஐந்தாவது நிழல். அவள் இமைக்காமல் அதையே பார்த்தபடி காலைப் பின்னால் வைத்தாள். நூலை இழுத்து மடக்கி முடிபோடுகிற அந்த இடது கை வேட்டியில் ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த கணம் விரல்கள் இல்லை, பிறகு முழங்கால் இல்லை, பிறகு குனிந்த தலை, கடைசியில் முதுகு. அறிவுக்கொடி சொல்வதற்கு முன்பே பவுன்தாய் சொல்லிவிட்டாள்.

"கைதான் மொதல்ல போச்சு."

மூக்கையாவின் பிள்ளை யார் மடியிலோ அழுதது.

"பீச்சாங்கைக்காரி ஒலகத்துல எம்மக ஒருத்திதானா" என்றாள் பவுன்தாய். வேட்டியை அவள் இன்னும் விடவில்லை. "அந்த வண்டிக்காரனைத் தேடுங்க டீச்சர். அவன்கிட்டதான் இருப்பா. அவனைப் பாத்தா அவளைப் பாத்திரலாம்."

அறிவுக்கொடி தேடினாள். நிழலை அறிவதைவிட மனுஷனைத் தேடுவது சுலபம். சாத்தூர் லாரி ஷெட்டில் விசாரித்து, அங்கிருந்து ஈரோட்டுக்குப் போய், பெருந்துறைக்கு வெளியே ஒரு நூல் மில்லின் வாசலில் சரவணக்குமாரைக் கண்டுபிடித்தாள். மீசை சரியாக அரும்பாத, எப்போதும் திரும்பித் திரும்பிப் பார்க்கிற இளைஞன். மில் விடுதியில் ஒற்றைக் கட்டிலில் இருந்தான். இந்துராணி எங்கே என்று கேட்டதும் அவனுக்கு விளங்கவில்லை.

"எந்த இந்துராணி?"

சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"வெடிச்ச அன்னைக்கே தர்மராஜ் அண்ணன் கூப்பிட்டாரும்மா. வெடிமருந்து லோடு ஏத்திட்டு வந்தவன் நீதான், கேஸு ஒம்மேலதான் வரும், ஓடிரு, வேலைக்கு நான் சொல்லி வைக்கிறேன்னாரு. வந்துட்டேன். அந்தப் பொண்ணுகூட நான் பேசுனதே கெடையாது."

"கடைசியா எப்பப் பாத்தே?"

"அன்னைக்குக் காலையில. வேன்ல ஜன்னலோர சீட்டுக்கு யார்கிட்டயோ மல்லுக்கட்டிட்டு இருந்துச்சு. நான் எதுக்க லோடு வண்டியில நின்னேன். வேன் ஆலைக்குள்ளதான் போச்சு."

இதை அவளுடைய அம்மாவிடம் வந்து சொல்ல முடியுமா என்று அறிவுக்கொடி கேட்டாள். அவன் பயந்தான். ஓடிப்போன கதையில் தன் பெயரும் சேர்ந்திருக்கிறது என்று புரிந்தபோது இன்னும் பயந்தான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

தாதம்பொட்டல் விலக்கில் பஸ் நின்றபோது பவுன்தாய் சுமைதாங்கிக் கல்லருகே காத்திருந்தாள். வண்டிக்காரனோடு வருவதாகக் கரி வியாபாரியின் ஃபோனுக்குத் தகவல் வந்ததிலிருந்து அவள் தூங்கவில்லை, காலையிலேயே வந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், வெளுத்த சேலை உடுத்தியிருந்தாள், கையில் ஒரு தூக்குவாளியில் ஏதோ சமைத்து வைத்திருந்தாள். முதலில் அறிவுக்கொடி இறங்கினாள். பின்னால் அவன் இறங்கினான். பவுன்தாய் அவனைப் பார்த்தாள், அவனைத் தாண்டி பஸ்ஸின் படிக்கட்டைப் பார்த்தாள், கண்டக்டர் விசில் ஊதி, பஸ் கிளம்பி, புழுதி அடங்கும் வரைக்கும் படிக்கட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு அவங்களை..." என்று அவன் தொடங்கினான்.

"வேன்ல ஏறுனாளா?"

"ஏறினாங்க."

"அழுத மாதிரி இருந்தாளா? காலையில அவளை வஞ்சுட்டேன்."

"இல்லம்மா. சண்டை போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

பவுன்தாய் அறிவுக்கொடியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க டீச்சர்."

அறிவுக்கொடி பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதற்கு ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். எதுவும் கிடைக்கவில்லை. "அந்த நெழல் எப்படி விழுதுன்னு எனக்குத் தெரியல, பவுன்தாய். யாரோடதுன்னு தெரியும். ஒங்க மக ஓடிப்போகல. வேலைக்குத்தான் போனா."

பவுன்தாய் அழவில்லை. தூக்குவாளியை அவன் கையில் கொடுத்து, "பசியா வந்திருப்ப, சாப்பிடு" என்றாள். பிறகு நேராகக் கிணற்றடிக்குப் போய், வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். போன தடவை ஓடிப்போனவளுக்கு முழுகினேன், இது செத்துப்போனவளுக்கு என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். அப்புறம்தான் ஊர்ப்பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

போலீஸ் நிலையத்தில் சரவணக்குமாரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். நிழலைச் சாட்சியாகச் சேர்க்க முடியாது என்று அதிகாரி சிரிக்காமல் சொன்னார். நான் சேர்க்கச் சொல்லவில்லை, வந்து பார்க்கத்தான் சொல்கிறேன் என்றாள் அறிவுக்கொடி. யாரும் பார்க்க வரவில்லை. வந்தது ஒரு ஜேசிபி. இடியும் நிலையிலிருக்கும் சுவரால் ஆபத்து என்று ஆலைக்காரர்கள் உத்தரவு வாங்கியிருந்தார்கள். உள்ளூரில் எவனும் அந்தச் சுவரில் கைவைக்க மாட்டான் என்பதால் ஓட்டுகிற ஆளையும் வெளியூரிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். மத்தியானத்தில், நிழல்கள் இல்லாத நேரத்தில் வந்து, டீ ஆறுவதற்குள் இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கையா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் அன்று இரண்டாம் தடவையாகக் கருமாதி முடிந்த வீடுபோல இருந்தது.

மறுநாள் சூரியன் எழுந்தபோது, மறிக்கச் சுவர் இல்லாததால், நிழல்கள் கரிசல் மண்ணின் மேல் நீண்டு விழுந்தன. அறையின் தரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஆலைக்கு வேன் வருகிற பாதையின் குறுக்கே ஐந்தும் பனைமர உயரத்துக்குப் படுத்துக் கிடந்தன. பாதையின் நடுவில் அவற்றின் கைகள் சரம் பின்னிக்கொண்டிருந்தன. வேன் வந்தது. வளைவில் திரும்பியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

முன்சீட்டில் தர்மராஜ் இருந்தார். "நெழல்தான, ஏத்திட்டுப் போ" என்றார்.

டிரைவர் கியரில் கைவைத்தார், எடுத்தார். பாதையில், இடது கையால் பின்னுகிற நிழலின் தலைமாட்டில் பவுன்தாய் நின்றிருந்தாள். கையை நீட்டி மறிக்கவில்லை. சத்தம் போடவுமில்லை.

"வேலையில இருக்கா" என்றாள். "முடியட்டும்."

தர்மராஜ் ஹாரனை அழுத்தினார். வேனுக்குள் ஒருத்தி எழுந்தாள், படியில் இறங்கினாள், பாதையோரத்தில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் எல்லாரும். டிரைவர் எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சூரியன் அவசரப்படவில்லை. நிழல்கள் விரற்கடை விரற்கடையாகச் சுருங்கி, பாதையை விட்டு, வேலியை விட்டு, தங்கள் அறைத் தரைக்குள் போனபின்தான் பெண்கள் ஏறினார்கள், வேன் கடந்தது.

அன்று முதல் தாதம்பொட்டலில் வெயில் ஏறித்தான் வேலை தொடங்குகிறது. ஆலை மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள், மிரட்டினார்கள், வேறு பாதை வெட்டப்போவதாகச் சொன்னார்கள், வெட்டவில்லை. வழக்கு நடக்கிறது என்கிறார்கள். தர்மராஜ் இன்னும் போர்மேனாகத்தான் இருக்கிறார்; முன்சீட்டை விட்டுப் பின்சீட்டுக்கு மாறிவிட்டார். அறிவுக்கொடி தான் பார்த்ததை எல்லாம் எழுதி, கடைசியில் 'தெரியவில்லை' என்று முடித்து மன்றத்துக்குக் கொடுத்தாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தரச் சொன்னார்கள். அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆடியில் ஒரு நாள் அவள் தாதம்பொட்டலுக்குப் போனாள். விடியலிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. எங்கும் வெயில் இல்லை, எதற்கும் நிழல் இல்லை. பாதையோரத்தில் பவுன்தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வேன் வளைவில் திரும்பி, வெறும் பாதைக்கு முன்னால் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். அணைந்த எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்த வெற்று மண்ணைப் பார்த்தபடி, ஒரு நாள் வெயில் ஏற எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார்கள்.

பிறகு பவுன்தாய், "சரி, போங்க" என்றாள்.